காது குத்திய தழும்பின் கதை



ஒருவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தால், "எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா? எனக்கு எப்போதோ காது குத்தியாயிற்று" என்று சொல்லிச் சிரிக்கிறோம். குழந்தையின் கையில் வாழைப்பழத்தையோ வெல்லக்கட்டியையோ கொடுத்து, அதன் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டுக் காதைக் குத்துவது நம் வழக்கம். அந்தச் செல்ல ஏமாற்றிலிருந்துதான் இந்தப் பேச்சும் பிறந்திருக்க வேண்டும். இன்று காது குத்தலின் வரலாற்றையும், குத்திய இடத்தில் சிலருக்கு மேடாக எழும்பிவிடும் தழும்பின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

இதைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜொகூர் பாருவை அடுத்த தோட்டத்துப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டில் ஒரு சிறுமி படித்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது குத்திய காது தூர்ந்து போய்விட்டதால், பதினொரு வயதில் மறுபடியும் குத்தினார்கள். சில மாதங்கள் கழித்து, இடது காதின் பின்புறம் மிளகு அளவில் ஒரு கட்டி எழும்பியது. வீட்டில் பாட்டி சுண்ணாம்பு தடவினார். அடங்கவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் சும்மா இருக்கவில்லை. "பூண்டை நசுக்கி வைத்துக் கட்டிப் பாருங்கள்" என்று சொன்னோம். தோல் வெந்து புண்ணானது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று கட்டியின் அடியில் நூலை இறுக்கிக் கட்டினார்கள். கட்டி வாடி விழுந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். ஓராண்டு முடிவதற்குள் அதே இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று வளர்ந்து நின்றது. அந்தப் பிள்ளை கூந்தலை அவிழ்த்துக் காதை மறைத்துக்கொண்டாள். வகுப்பில் கையை உயர்த்துவதையும் நிறுத்திக்கொண்டாள்.

அறியாமல் சொன்ன அந்த ஆலோசனைக்குப் பரிகாரமாகத்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காது குத்தும் பழக்கம் எவ்வளவு பழையது? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று கருதப்படும் சுசுருத சம்ஹிதை என்னும் அறுவை மருத்துவ நூலில், காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதற்பகுதியின் பதினாறாம் அத்தியாயம் அது. குழந்தைக்கு ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் காது குத்த வேண்டும் என்கிறார் சுசுருதர். மடியில் அமர்த்தி, விளையாட்டுச் சாமான்களைக் காட்டி மயக்க வேண்டும். நாம் வாழைப்பழம் கொடுத்து ஏமாற்றுவது அன்றைக்கே மருத்துவ முறையாக இருந்திருக்கிறது! பிறகு காதை இழுத்துப் பிடித்துச் சூரிய ஒளியில் பார்த்து, வெளிச்சம் ஊடுருவித் தெரியும் மெல்லிய இடமாகத் தேர்ந்து, ஒரே நேராக மெதுவாகக் குத்த வேண்டும். ஆண் குழந்தைக்கு வலது காது முதலில், பெண் குழந்தைக்கு இடது காது முதலில். மென்மையான காதுக்கு ஊசி, தடித்த காதுக்கு வேறு கருவி.

அவர் குத்துவதோடு நிற்கவில்லை. துளையில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை வைக்க வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை திரியை மாற்ற வேண்டும், மாற்றும் ஒவ்வொரு முறையும் சற்றுத் தடித்த திரியாக வைக்க வேண்டும் என்கிறார். இரத்தம் மிகுதியாக வந்தாலோ வலி அதிகமானாலோ இடம் தவறிக் குத்தியாயிற்று என்று பொருள். உடனே திரியை எடுத்துவிட்டு, புண்ணை ஆற்றிய பிறகே வேறிடத்தில் குத்த வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். கிழிந்த காதுமடலை ஒட்டவைக்கப் பதினைந்து வழிகளும் அதே அத்தியாயத்தில் உள்ளன. காது குத்துவதும் ஒரு சிறிய அறுவைதான் என்று அவர் கருதினார் என்பது இதிலிருந்து தெரிகிறது. அவருக்குப் பின் வந்த வாக்படர், புண் ஆறும் இடத்தில் எழும் முடிச்சுக்கு 'விரண கிரந்தி' என்று பெயர் சொல்லி, அதையும் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பனையோலையைச் சுருட்டிக் காதில் செருகியதால் காதணிக்கு 'ஓலை' என்றே பெயர் வந்தது. பிறகு பொன்னில் செய்தபோதும் 'காதோலை' என்ற பெயர் நிலைத்தது. குழை, தோடு, கடுக்கன், கம்மல் என்று எத்தனையோ பெயர்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய முதல் பதிகமே இறைவனின் காதணியைச் சொல்லித்தான் தொடங்குகிறது. காதணி நமக்கு ஆடம்பரமாக மட்டும் இருந்ததில்லை. ஏழை வீட்டுக்கு அது சேமிப்பு. அடகுக் கடைக்குப் போய் அரிசியாகத் திரும்பி வரும் பொருள். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தென்பாண்டிச் சீமையில், திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை வட்டாரங்களில், பெண்கள் காதை வளர்த்தார்கள். துளையை மெல்ல மெல்லப் பெரிதாக்கி, காது தோளைத் தொடும் அளவுக்கு நீட்டி, பாம்படம், தண்டட்டி என்னும் கனத்த பொன்னணிகளைத் தொங்கவிட்டார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. காலம் மாறியது. பள்ளிக்கூடம் போன பெண்கள் நீண்ட காதை விரும்பவில்லை. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. தாய் பெருமையோடு வளர்த்ததை மகள் கூச்சத்தோடு குறுக்கிக்கொண்டாள். காது ஒன்றுதான்; அழகு என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில், நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார்கள். அவர்களோடு காது குத்தும் சடங்கும் கப்பலேறியது. குலதெய்வம் ஊரிலேயே நின்றுவிட்டதால், தோட்டத்து மாரியம்மனே குலதெய்வமானாள். மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்து, பத்தர் வந்து பொன் கம்பியால் குத்துவார். ஜொகூர் பாரு நகரில் 1911ஆம் ஆண்டில் எழுந்த இராஜமாரியம்மன் கோயில் போன்ற பெரிய கோயில்களுக்குப் போய்க் குத்தியவர்களும் உண்டு. தாய்மாமன் ஊரில் தங்கிவிட்ட குடும்பங்களில், பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் மாமன் முறையாக உட்கார்ந்தார். உறவு அறுந்த இடத்தில் புதிய உறவைக் கட்டிய சடங்கு அது.

குத்திய பிறகு துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகினார்கள். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவினார்கள். சீழ் பிடித்தால் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் ஐயா கழுவிக் கட்டினார். அந்த டிரஸ்ஸர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1965ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. காது குத்தியதைக் காட்டப் போகிறோமே என்று வெட்கப்பட்டு, போகாமலே விட்டவர்களும் அன்றைக்கு இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இனி, தழும்பு ஏன் மேடாக எழும்புகிறது என்று பார்ப்போம். இதற்கு நம் பால்மரத்தைவிட நல்ல பாடநூல் கிடையாது. அமேசான் காட்டில் மரத்தைச் சிறு கோடாரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் காயம்பட்டு முண்டும் முடிச்சுமாகத் தடித்துப் போகும். நமக்கு அக்கரையில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888ஆம் ஆண்டில் தலைமையேற்ற ரிட்லி, 1890களில் வேறு வழியைக் கண்டார். பட்டையை மட்டும் மெல்லிய சீவலாகச் சீவி, உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் விட்டால், பட்டை மறுபடியும் வழவழப்பாக வளரும். அதே இடத்தில் மீண்டும் பால் வெட்டலாம். கத்தி கட்டை வரை இறங்கிவிட்டால் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் திரும்பி வரும். இது பால் வெட்டியவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு.

மனிதத் தோலும் ஏறக்குறைய அப்படித்தான். காயம் பட்டவுடன் உடம்பு அந்த இடத்தை அடைக்கக் கொலாஜன் என்னும் நார்ப்பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் சுரப்பது அடங்க வேண்டும். சிலருடைய உடம்பில் அது அடங்குவதில்லை. சில தழும்புகள் காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்று, மாதக்கணக்கில் தாமாகவே தணிந்துவிடும். வேறு சில காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலிலும் பரவும். பெரும்பாலும் குத்திச் சில மாதங்கள் கழித்தே தலைகாட்டும். அரிக்கும், வலிக்கும், தானாகத் தணியாது. இதற்குத்தான் மருத்துவத்தில் கெலாய்டு என்று பெயர். இரண்டுமே அல்லாமல், குத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ சிவந்து நீர் கசியும் மொட்டு ஒன்று வருவதுண்டு. அது பெரும்பாலும் அழுக்கினாலோ உரசலினாலோ ஒவ்வாத உலோகத்தினாலோ வந்த புண். சுத்தமாக வைத்திருந்தால் அடங்கிவிடும். வீட்டு வைத்தியத்தால் கெலாய்டு கரைந்ததாகச் சொல்லப்படும் கதைகள் பலவற்றில், கரைந்தது இந்த மொட்டாகவோ தானே தணியும் தழும்பாகவோதான் இருந்திருக்கும்.

கெலாய்டு என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பாரிஸ் நகரின் புனித லூயி மருத்துவமனையில் பணியாற்றிய அலிபேர் என்னும் தோல் மருத்துவர், 1806ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். முதலில் புற்றுநோயை நினைவூட்டும் பெயர் ஒன்றை இட்டார். ஆனால் இது புற்றுநோய் அல்ல. பெயரைக் கேட்டே குழப்பம் வரக்கூடும் என்று கண்டு, பத்தாண்டு கழித்துப் பெயரை மாற்றினார். கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதிய பெயரை அமைத்தார். தழும்பு பக்கவாட்டில் கொடுக்குப் போல் நீள்வதால் அந்தப் பெயர். அந்த மருத்துவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்த அச்சம் நம் லயங்களில் இன்னும் தீரவில்லை. ஆகவே அழுத்திச் சொல்கிறோம்: இது புற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. கண்ணேறும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை.

யாருக்கு வருகிறது? வெள்ளைத் தோலினரைவிடக் கறுத்த தோலினருக்கே மிகுதி என்பார்கள். ஆனால் நிறம் ஒன்றே காரணமில்லை என்பதை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறார்கள். மலேசியாவில் மருத்துவர் அல்ஹாடியும் மருத்துவர் சிவானந்தராஜாவும் 175 நோயாளிகளை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், இந்தியர், மலாய்க்காரரைவிடச் சீனருக்கு இது கூடுதலாக வருவதாகக் குறிப்பிட்டார்கள். குடும்ப வழியாகவும் வருகிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை மிகுதியாக வருகிறது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பதினொரு வயதுக்கு முன் காது குத்திக்கொண்டவர்களைவிட அதற்குப் பின் குத்திக்கொண்டவர்களுக்கே இது கூடுதலாக வந்ததைக் காட்டியது. ஆறேழு மாதத்தில் குத்தச் சொன்ன பழைய வழக்கத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். முன்னோர் கெலாய்டை எண்ணித்தான் அப்படி வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வழக்கம் நமக்குத் தெரியாமலே பல காதுகளைக் காத்திருக்கலாம்.

சிகிச்சையின் வரலாறு நமக்குப் பெரிய பாடம். மருத்துவர்களும் முதலில் நம்மைப் போலவே எண்ணினார்கள்: கட்டி இருக்கிறது, வெட்டி எடு. வெட்டினார்கள், திரும்பி வந்தது. வெட்டுவதோடு மட்டும் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 45 முதல் 100 பேர் வரை மீண்டும் வளர்ந்ததாகப் பல்வேறு ஆய்வுகள் கூறுகின்றன. வெட்டும் ஒரு காயம்தானே! காயத்துக்கு மிஞ்சிச் சுரக்கும் உடம்பு, புதிய காயத்துக்கும் மிஞ்சித்தான் சுரக்கும். 1906ஆம் ஆண்டில் பிரான்ஸில் எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1960களில் ஸ்டீராய்டு மருந்தைக் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடும் முறை வந்தது. இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, பல தடவை போட வேண்டும். வலிக்கும்; அந்த இடம் சற்று வெளுத்து மெலியலாம். ஆனால் மேடு தணியும். தீக்காயத் தழும்புகளை அழுத்திக் கட்டினால் அவை தட்டையாவதைக் கண்டு, காதுக்கும் அழுத்துக் கம்மல் செய்தார்கள். 1983ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், தீக்காயத் தழும்பின்மேல் சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற மென்தகட்டை ஒட்டிவைத்தால் பலன் தருவதாக எழுதினார்கள். இன்று பெரிய கட்டியை அறுத்தாலும் அதோடு ஊசி, அழுத்தம், சில வேளை கதிர் என்று துணைச் சிகிச்சையையும் சேர்த்தே செய்கிறார்கள்.

ஆக, நூல் கட்டி அறுத்த அந்தக் குடும்பம் செய்த தவறும், பழைய அறுவை மருத்துவர்கள் செய்த தவறும் ஒன்றேதான். அவர்கள் குறித்து வைத்தார்கள், எண்ணிப் பார்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள். நாமும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. முதலாவது, வருமுன் காப்பது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ மேட்டுத் தழும்பு இருந்தால், புதிதாகத் துளை போடும் முன் இருமுறை யோசியுங்கள். பேரங்காடியில் இயந்திரத்தால் 'டக்' என்று குத்திவிடுகிறார்கள். அந்த இயந்திரங்கள் பலவற்றைக் கொதிநீராவியில் முழுமையாகச் சுத்திகரிக்க முடியாது. புதிய ஊசி, கழுவிய கை, நிக்கல் கலக்காத அணி, இவையே பாதுகாப்பு. காதின் மேற்பகுதிக் குருத்தெலும்பில் குத்தினால் ஆறப் பல மாதம் பிடிக்கும். தொல்லையும் அங்கே அதிகம். குத்திய காதைக் கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவுங்கள், கையால் நோண்டாதீர்கள்.

இரண்டாவது, தொடக்கத்திலேயே கவனிப்பது. துளையைச் சுற்றித் தோல் கெட்டியாவது தெரிந்தால் கம்மலைக் கழற்றிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் அழுத்துக் கம்மலையும் சிலிக்கோன் தகட்டையும் நாள்தோறும் பயன்படுத்துவது வீட்டு வேலைதான். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது, மாதக்கணக்கில் போட வேண்டும். தகட்டைப் புண்ணின்மேல் ஒட்டக் கூடாது. ஆறிய தோலின்மேல் மட்டுமே ஒட்ட வேண்டும். அழுத்தத்தால் காது மரத்துப்போனாலோ கறுத்தாலோ உடனே கழற்றிவிட வேண்டும். பொறுமையாக நாள் தவறாமல் செய்வது மருத்துவமனையால் முடியாத காரியம், தாயால் முடியும்.

மூன்றாவது, செய்யக் கூடாதவை. பூண்டு தோலை வேக வைக்கும். எங்கள் கண்ணெதிரே வேக வைத்தது. சுண்ணாம்பு, வினிகர், பற்பசை, பால் உறைய வைக்கும் ஆசிட் எதுவும் வேண்டாம். சூடு போடுவதும், பிளேடால் கிள்ளுவதும், நூல் கட்டுவதும் புதிய காயங்களே. கற்றாழையோ தேங்காய் எண்ணெயோ அரிப்பைச் சற்றுத் தணிக்கலாம், கட்டியைக் கரைக்காது.

முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அவர்கள் தேவைப்பட்டால் ஜொகூர் பாரு சுல்தானா அமினா போன்ற பெரிய மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். பல தடவை போய்வர வேண்டியிருக்கும். வேலை நாள் போகிறது, பேருந்துக் காசு போகிறது என்பது உண்மைதான். ஆனால் கட்டி மிளகாக இருக்கும்போது போகும் நாட்கள் குறைவு. நெல்லிக்காயாக வளர்ந்த பிறகு போகும் நாட்கள் அதிகம்.

அந்தச் சிறுமியைப் பற்றி முடித்துவிடுகிறோம். தாய் மனம் தளராமல் அழைத்துப் போனார். ஊசி போட்டார்கள், கட்டி மென்மையாகித் தணிந்தது. முழுதும் மறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அந்தப் பெண் இப்போது தலையை வாரிப் பின்னிக்கொண்டு போகிறாள். காது தெரிகிறது. அதைப் பற்றி யார் கேட்டாலும், "இது கெலாய்டு, ஒட்டாது" என்று அவளே சொல்கிறாள்.

கைத்தொலைபேசியைத் திறந்தால், ஏழே நாளில் தழும்பு மறையும் என்று எண்ணெயும் களிம்பும் விற்பவர்கள் ஏராளம். அடுத்த முறை அப்படி ஒருவர் வந்தால், பாட்டி சொல்லிக் கொடுத்ததையே சொல்லுங்கள்: "ஐயா, எங்களுக்கு எப்போதோ காது குத்தியாயிற்று!"